தறிக்கூடத்துச் சிவப்புக் கண்ணாடி

ஏற்காட்டில் ஒரு துரை பங்களாவின் சிவப்புக் கண்ணாடி சன்னலைப் பார்த்து மயங்கிவந்த என் அக்காள் புருஷன், ஆட்டையாம்பட்டியில் தன் தறிக்கூடத்துக்கே அப்படியொன்றை வைத்தார். நூலின் நிறம் தெரியத்தான் அங்கே சன்னல் இருக்கிறது என்பது அந்த ரசிகருக்குத் தோன்றவில்லை. சிவப்பு வெளிச்சத்தில் பச்சை நூலும் கறுப்பாகவே தெரிந்தது. பச்சை முந்தானை கேட்டிருந்த முகூர்த்தச் சேலையில் கறுப்பு நூலை ஓட்டிவிட்டார்.

கல்யாணப் பெண்ணின் தாயார் சேலையைத் தெருவில் விரித்தாள். “ஏனுங்க, கல்யாணச் சேலைக்குக் கறுப்பு முந்தானைங்களா?”

“உள்ள வந்து பாருங்க. பச்சையும் இப்படித்தானுங்க தெரியும்.”

“அப்ப கல்யாணத்தையும் உங்க ஊட்டுக்குள்ளயே வெச்சுக்கலாமுங்களா?”

சேலையை அவர் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு யாரிடமும் வாய் வராது. அன்று சிரிப்பை அடக்கத்தான் சிரமப்பட்டேன்.

மறுநாள் மச்சான் சன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார். நூலின் நிறம் மாறிப்போனதற்குக் கண்ணாடியில் தூசி படிந்ததுதான் காரணமாம்.