இரண்டு பக்கமும் எழுதிய படுதா

சேலம் அம்மாபேட்டை நெசவுத் தெருவில் பிறந்த செங்கோடனுக்குத் தறிக்குழிக்குள் கால் நிற்கவில்லை. நாடகக் கம்பெனிகளுக்குப் படுதா எழுதப் போய்விட்டான். அரண்மனை, காடு, கடைவீதி, எது கேட்டாலும் எழுதிக் கொடுப்பான். சிம்மாசனம் மட்டும் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும். நாடக ராஜாக்களுக்கு அது போதும் என்று ஊரும் விட்டுவிட்டது.

முப்பத்து நாலாம் வருஷம் ஆடித் திருவிழாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் அடிமுடி தேடிய கதையை நடத்தக் கம்பெனி முதலாளி வெங்கடாசலம் ஏற்பாடு செய்தார். பிரம்மாவும் திருமாலும் மேலும் கீழும் தேடித் தோற்றுப்போக, சிவன் ஜோதியாக நிற்கும் கட்டத்துக்குப் புதுப் படுதா வேண்டும். செங்கோடன் நெருப்பின் நடுவே சிவனை எழுதிப் பார்த்தான். மிட்டாய்க்கடைப் பொம்மை மாதிரி இருந்தது. அழித்துவிட்டு மறுபடி எழுதினான். இப்போது பொம்மைக்கு மீசை முளைத்திருந்தது. அடியும் முடியும் இல்லாதவருக்கு மூக்கும் முழியும் வைக்க நான் யார் என்று அவனுக்கே வெட்கமாகப் போயிற்று.

வேறு துணி எடுத்தான். தறியில் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியை அதற்கும் போட்டுக் காயவைத்தான். நூல் சாயத்தைக் கரைத்து வெறும் கோடு இழுத்தான். சிவப்பு, அதை ஒட்டி மஞ்சள், சில மெலிந்தும் சில தடித்தும், எல்லாமே துணியின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பைத் தாண்டி ஓடின. கண், கை, சூலம் எதுவும் இல்லை. வீடு சின்னது, துணியைச் சுருட்டிச் சுருட்டித்தான் எழுத முடிந்தது. முழுசாக அதை அவனே பார்க்கவில்லை. ஒரு பக்கம் முடிந்ததும் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் நீலமும் பச்சையுமாகக் குறுக்குக் கோடுகளைத் தொடங்கினான்.

மனைவி சாலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, படுதாவுக்குப் பின்னாடி யாருங்க வந்து பாக்கப் போறாங்க?"

"துணின்னா ரெண்டு பக்கமும் நல்லா இருக்கோணும் புள்ள."

தறியை விட்டு வந்தாலும் நெசவாளி புத்தி எங்கே போகும்!

சுருளைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்த வெங்கடாசலத்துக்கு முகம் சுண்டிவிட்டது.

"என்னடா இது, சாயப்பட்டறையில கை தொடைச்ச துணியாட்ட இருக்குது? சனம் சிரிச்சுதுன்னா நீ பிரஷ்ஷைக் கீழ போட்டுட்டுத் தறிக்கே போயிரோணும், ஆமா!"

"சரிங்க" என்றான் செங்கோடன். சொல்லிவிட்டானே தவிர, மறுபடி அந்தக் குழிக்குள் இறங்குவதை நினைத்தாலே அவனுக்கு மூச்சு முட்டும்.

வேறு படுதா எழுத நேரமில்லை. முதலாளி ஒரு தந்திரம் செய்தார். மேடைக்கு முன்னால் இருந்த பெட்ரோமாக்ஸ் விளக்குகளை எல்லாம் படுதாவுக்குப் பின்னால் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். கண் கூசினால் கோடு எதுவும் தெரியாது என்பது அவர் நினைப்பு.

படுதா இறங்கியது. வெளிச்சம் துணிக்குள் ஏறியது. முன்பக்கக் கோடுகளும் பின்பக்கக் கோடுகளும் தறியின் நெடுக்கு நூலும் குறுக்கு நூலும் போல, பாவும் ஊடையுமாக ஒன்றுக்குள் ஒன்று பாய்ந்து, செங்கோடன் எந்தச் சட்டியிலும் கரைக்காத நிறங்களெல்லாம் அங்கே எழுந்து நின்றன. காற்றில் துணி அசைந்தது. நெருப்பு மேலே ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா, யாராலும் சொல்ல முடியவில்லை.

ஒருவரும் சிரிக்கவில்லை. மடியில் அழுதுகொண்டிருந்த குழந்தைகூட வாயைத் திறந்தபடி பார்த்தது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். சாலம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் பக்கத்தில் கூட்டத்தோடு நின்ற செங்கோடன், இதை எழுதியது தன் கைதானா என்று உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான்.

சிவன் வேஷக்காரர் வெளியே வரவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. அவரை அனுப்ப மறந்த வெங்கடாசலம் மேடையிலிருந்து இறங்கி வந்து செங்கோடன் பக்கத்தில் நின்றார்.

"செங்கோடா, இதுல சாமிய எங்க வெச்சிருக்கற?" குரல் தணிந்திருந்தது.

செங்கோடன் படுதாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நானும் அதத்தானுங்க தேடிட்டிருக்கறேன்."