வெறும் வயிற்று ஓட்டம்

அறுபது தாண்டியவளுக்கு ஓட்டப்பந்தயம் ஒரு கேடா என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டும். சலவைக்கடையில் நாள் முழுக்க நின்றபடி ஓட்டல் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவளுக்கு ஊரார் சிரிப்பெல்லாம் ஒரு பொருட்டா? இளமையில் அவளை எல்லாரும் சிட்டு என்றுதான் கூப்பிட்டார்கள். அவ்வளவு லேசு, அவ்வளவு வேகம். மூத்தோர் போட்டியில் எண்ணூறு மீட்டருக்குப் பெயர் கொடுத்த அன்றே, இளமையில் ஓட்டம் பழக்கிய மாஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி சாப்பாட்டைக் குறைத்தாள். காலையில் பால் இல்லாத டீ, இரவில் ஒரு துண்டு ரொட்டி. வயிறு காலியாக இருந்தால்தான் கால் பறக்கும் என்பது அந்த மனுஷனின் வேதம்.

விடியற்காலையில் மைதானத்தில் ஈ காக்கா இருக்காது. ஒரு நாள் வளைவில் திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது: "ட்ராக்!" பின்னால் வேகமாக வருகிறவர் அப்படிக் கூவினால், முன்னால் ஓடுகிறவர் உள்பக்கத் தடத்தை விட்டு விலகி வழிவிட வேண்டும், ஓடுகிறவர்களுக்குள் இருக்கும் மரியாதை அது. சிட்டு பழக்கதோஷத்தில் விலகினாள். யாரும் தாண்டிப் போகவில்லை. திரும்பிப் பார்த்தால் ஈரப் புல்லும் காலி கேலரியும்தான் இருந்தன.

அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். குட்டி. கூடவே பயிற்சி எடுத்தவள், உடன்பிறக்காத தங்கச்சி. பத்தொன்பது வயதில், தேர்வுப் போட்டிக்காக நாள்கணக்கில் பட்டினி கிடந்து ஓடி, இதே வளைவில் சுருண்டு விழுந்தாள். பிறகு எழுந்திருக்கவே இல்லை. வேறு யாராவது என்றால் அலறியடித்துக்கொண்டு வீட்டைப் பார்க்க ஓடியிருப்பார்கள். சிட்டுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாவி மக, இத்தனை வருஷமா எங்கடி போயிருந்த?"

சிட்டுவின் உடம்பு இளைக்க இளைக்க குட்டி நெருங்கி வந்தாள். முதலில் காலடிச் சத்தம். பிறகு பிடரியில் சில்லென்று மூச்சு. ஒரு காலையில் அவள் தாண்டிப் போய், வெறுங்காலோடு முன்னால் ஓடினாள். மண்ணில் சிட்டுவின் தடம் மட்டுமே பதிந்தது. அவளைத் துரத்தித் துரத்தியே சிட்டுவின் வேகம் கூடியது.

வேகம் கூடி என்ன? சலவைக்கடையில் ஈர விரிப்பு மூட்டையைத் தூக்க முடியவில்லை. கை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற புருஷன் அவளை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனார்.

"வயசானா சதை தானாவே கரையும்மா," என்றார் டாக்டரம்மா. "நீங்க பட்டினி கிடந்து அதைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்றீங்க. மூணு வேளையும் முட்டை, பருப்பு, மீன்னு ஏதாவது சேர்த்துக்குங்க. வாரத்துல ரெண்டு நாள் ஓடாம எடை தூக்குங்க. ஒரு நாளாவது சும்மா இருங்க. இப்படியே போனா பந்தயத்துக்கு நீங்களே இருக்க மாட்டீங்க."

சிட்டு நன்றாகத் தலையாட்டினாள். அன்று வயிறாரச் சாப்பிட்டாள். மறுநாள் மைதானம் வெறிச்சென்று கிடந்தது. குரல் இல்லை, மூச்சு இல்லை. சாப்பிட்டால் குட்டி வரமாட்டாள் என்று அப்போதுதான் புரிந்தது. அதன்பின் புருஷன் அவித்துக் கொடுத்த முட்டையெல்லாம் தெருநாய்க்குப் போயிற்று.

நாய் கொழுத்ததை வைத்துத்தான் அவர் கண்டுபிடித்தார்.

"இந்த நாய்தான் பந்தயத்துல ஓடப்போகுதா?" என்று கத்தினார். சிட்டு அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு நல்லா இருக்காளா?" என்று கேட்டார்.

"என்னங்க கேள்வி இது?"

"கூடவே ஓடுறியே, ஒரு வார்த்தை கேட்டியா? நாளைக்குக் கேளு. எனக்குப் பயமா இருக்கு சிட்டு. அவ பின்னாடியே நீயும் போயிடுவியோன்னு பயமா இருக்கு." சொல்லிவிட்டு அவளுடைய இடுப்புப் பையில் ஒரு முட்டையை வைத்தார்.

மறுநாள் வளைவு வந்ததும் சிட்டு மூச்சிரைக்க நின்றாள். "குட்டி, நில்லுடி. எப்படிடி இருக்க?"

முதல்முறையாகக் குட்டி நின்றாள், திரும்பினாள். அதே பத்தொன்பது வயது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், உதடு வெடித்துக் கிடந்தது.

"பசிக்குதுக்கா," என்றாள். "அன்னைலேருந்து பசிக்குது."

சிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முட்டையை எடுத்து நீட்டினாள். குட்டியின் விரல்கள் அதைப் பற்றப் பார்த்து வெறுங்காற்றாய் ஊடுருவிப் போயின. மறுபடி பற்றப் பார்த்தாள். மறுபடியும் அதே கதை.

"நீ தின்னுக்கா."

"தின்னா நீ போயிடுவியேடி!"

"போறேன். நீயாவது தின்னு."

சிட்டு ஓட்டை உரித்தாள். முட்டையை அழுதுகொண்டே மென்று விழுங்கினாள். கடைசி வாய் இறங்கும்வரை குட்டி எதிரே குந்தியிருந்து, இமைக்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.