லைன் வீட்டுக்கு வந்த மூளைக்காய்ச்சல்

எண்பதுகளின் நடுவில், ஏற்காடு கிளியூர்ப் பக்கம் கிராம நர்ஸாக நான் வேலைக்குச் சேர்ந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. காபிப் பழம் பறிக்கிற சமயம். எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டில் ஒரு பெண்ணுக்கு நெருப்பாகக் காய்ச்சல் என்று கூப்பிட்டார்கள். வெளிச்சம் பட்டாலே முகத்தைத் திருப்பினாள். அவள் தலையைத் தூக்கிப் பார்த்தேன், கழுத்து பலகை மாதிரி விறைத்திருந்தது. உடனே எஸ்டேட் ஜீப்பில் ஏற்றி, அவள் தலையை என் மடியில் தாங்கியபடி சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

டாக்டர் முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்துவிட்டு, மூளைக்காய்ச்சல் என்றார். மூச்சுக் காற்றில் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் தொற்றுமாம். கூடப் படுத்துப் புழங்கியவர்கள் எல்லோரும் இரண்டு நாளைக்கு விடாமல் சாப்பிட வேண்டும் என்று மாத்திரைகள் கொடுத்தனுப்பினார். சாயங்காலமே வீடு வீடாகப் போய் முதல் வேளையை விழுங்க வைத்தேன்.

மறுநாள் காலையில் போனால், வாசலில் ஒரே கூட்டம். ஒருவரும் வேலைக்குப் போகவில்லை.

"ஏனுங்க நர்சம்மா, ஊட்ல அத்தன பேருக்கும் ஒண்ணுக்கு ரத்தமாப் போவுதுங்க! இனி ஒருத்தரும் அதத் தொட மாட்டமுங்க" என்றார் மேஸ்திரியின் மனைவி.

அது ரத்தமில்லை. அந்த மாத்திரை சிறுநீரைச் சிவப்பாக்கும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவசரத்தில் நான்தான் மறந்துவிட்டேன். தப்பு என்னுடையது என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை.

"நீங்க முழுங்குனீங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

இல்லை! அந்தப் பெண்ணை மடியில் தாங்கிய நானே மாத்திரை போடவில்லை. அங்கேயே எல்லோர் முன்னாலும் விழுங்கினேன். இரண்டு மூன்று டம்ளர் வரக்காப்பி குடித்துவிட்டுக் காத்திருந்தேன். அவர்களும் நகரவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து, அந்த அம்மாவையே சாட்சியாகக் கூட்டிக்கொண்டு கக்கூஸுக்குப் போனேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

எனக்கு முன்னால் அவர் வெளியே ஓடினார்.

"நர்சம்மாவுக்கும் செவப்புதானுங்க! நொம்பச் செவப்பு!"

லைனே கொல்லென்று சிரித்தது. விட்டுப்போன வேளை மாத்திரையைக் கேட்டு வாங்கி விழுங்கினார்கள். பத்து நாள் தினமும் போய் ஒவ்வொரு நெற்றியாகத் தொட்டுப் பார்த்தேன். இன்னொருவருக்குக்கூட அந்தக் காய்ச்சல் வரவில்லை! மூன்றாவது வாரம் அந்தப் பெண் பஸ்ஸிலிருந்து தானே இறங்கி நடந்து வந்தாள். மொத்த லைனும் ரோட்டில் நின்று அவளை வரவேற்றது. மேஸ்திரியின் மனைவி என் கையைப் பிடித்து அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் நாள்வரை, ஒரு மாத்திரை உடம்பில் என்ன செய்யும் என்று சொல்லாமல் அதை நான் யார் கையிலும் கொடுத்ததே இல்லை.