மகள் தடுத்தும் ஊற்றிய மை

குழந்தைகளே, நான் மில் தொழிலாளி. போன கோடை லீவில் கண்டோன்மென்ட் ஆஸ்பத்திரி ஒன்றில் ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கு முதலுதவி வகுப்பு நடந்தது. நர்ஸ் ஆகும் ஆசையில் என் பெரிய மகள் ஸ்டெல்லாவும் போனாள்.

ஒரு நாள் சின்னவள் ரோசியின் கையில் கொதிக்கிற கஞ்சி கொட்டிவிட்டது. எங்கள் வீதியில் தீப்புண்ணுக்குப் பேனா மைதான் மருந்து. மைக்கூட்டை எடுத்தேன்.

"வேணாம்ப்பா! ஒண்ணும் தடவாம, சுத்தமான துணியால மூடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும்னு சொல்லிக் கொடுத்தாங்க."

"பத்து நாள் போனதும் டாக்டரம்மா ஆயிட்டியா? தள்ளுடீ!" என்று மையை ஊற்றினேன்.

நாலாம் நாள் சீழ் பிடித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ரோசியின் இரண்டு விரல்கள் இன்றுவரை நிமிரவில்லை.

இப்போது வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் ஸ்டெல்லாவைத்தான் கேட்கிறேன். கேட்டால் சொல்கிறாள். தானாக எதுவும் சொல்வதில்லை.