கோட்டைத் தொட்டால் கீழே போகும்

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னறை மூலையில், பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருக்கிறது. என் மகன் வாங்கி வைத்தது. அவன் போர்வெல் வண்டியோடு வடக்கே போனால் திரும்பி வர மாசக்கணக்கில் ஆகும். வண்டி சம்பந்தமான வேலைகளை இங்கிருந்தே மருமகள் பார்க்கட்டும் என்று வாங்கினான். பிறகு அவள் அதிலேயே சேலை வியாபாரமும் ஆரம்பித்தாள்.

மருமகள் இளம்பிள்ளை ஊர்ப் பக்கத்துப் பெண். அவள் பிறந்த வீட்டாரும் எங்களைப் போலக் காட்டில் வெள்ளாமை பண்ணுகிறவர்கள்தான், ஆனால் அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் தறிச் சத்தம். தெரிந்த தறிக்காரர்களிடம் சேலை வாங்கி வந்து, முன்னறைச் சுவரில் அடித்த ஆணியில் தொங்கவிட்டு, படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். எங்கெங்கோ இருக்கிறவர்கள் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். மத்தியானச் சாப்பாடு ஆனதும் பொட்டலங்களை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு சங்ககிரிக்குப் போய்ப் பார்சல் போட்டு வருவாள். அவள் திரும்பி வருகிற வரைக்கும் வீட்டில் நான் மட்டும்தான்.

அதுதான் என் நேரம். என் மகன் எனக்கென்று அதில் தனி வழி வைத்துக் கொடுத்திருந்தான். பெட்டியை எழுப்பியதும் இரண்டு வட்டம் தெரியும். ஒன்றில் மருமகள் முகம், இன்னொன்றில் என் முகம். என் முகத்தைத் தொட்டால் என் பக்கம் திறக்கும், அவள் வேலையோடு கலக்காது. அந்த வட்டத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. என் வயசுக்காரிகள் யாருக்கும் அப்படி ஒன்று இல்லை.

நான் மூன்றாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போனவள். பஸ் போர்டு படிப்பேன். கல்யாணப் பத்திரிகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். இங்கிலீஷ் தெரியாது, ஆனால் தெரியாது என்று யாரிடமும் சொன்னதும் கிடையாது. மகன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வந்தபோது, “எல்லாம் எனக்குத் தெரியும், நீ போ சாமி” என்று எழுப்பி அனுப்பிவிட்டேன். போகிற போக்கில் அவன் சொன்னது ஒன்றுதான் காதில் விழுந்தது. “மேல கோடு இருக்குதுங்களே, அதைத் தொட்டா கீழ போயிரும்மா.”

அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே பெருக்கல் குறி ஒன்றும் இருந்தது. முதல் முதலாக நான் அதில் பார்த்தது மகன் அனுப்பிய படம். எங்கேயோ வறண்ட ஊரில் வண்டி நிற்கிறது, பூமிக்குள்ளிருந்து தண்ணீர் பீறிட்டு அடிக்கிறது, இவன் தலையிலிருந்து கால் வரை நனைந்துபோய்ச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். பார்த்து முடிந்தது. பெருக்கல் குறி அவன் தலைக்கு நேர் மேலே இருந்தது. எனக்கு அதைத் தொட மனசு வரவில்லை. எங்கள் ஊர் வழியாக ரோட்டை அகலம் பண்ணியபோது, வெட்ட வேண்டிய புளியமரத்திலெல்லாம் சிவப்புப் பெயிண்டில் இந்தக் குறியைத்தான் போட்டுவிட்டுப் போனார்கள். மாடு கட்டுகிற எங்கள் சாளைச் சுவரிலும் போட்டார்கள். குறி விழுந்தது எதுவும் நிற்கவில்லை. விளக்கை அணைக்கிறேன் என்றுகூட வாயால் சொல்லாமல் குளிர வைக்கிறேன் என்று சொல்கிறவர்கள் நாங்கள். வெளியே கிளம்புகிறவன் வாரேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போவான். பெற்ற பிள்ளையின் தலைக்கு மேலே நான் எப்படி அதைத் தொடுவேன்?

கோட்டைத் தொட்டேன். படம் பதவிசாகக் கீழே இறங்கிப் போய்விட்டது. அதுதான் முறை என்று வைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் அப்படித்தான். மைக்கில் வாயால் சொன்னால் போதும், கேட்டது வந்துவிடும். தேர், அபிஷேகம், மரவள்ளிக்கு வருகிற மாவுப்பூச்சி, முட்டி வலிக்கு எண்ணெய், எல்லாம் பார்ப்பேன். பார்த்ததும் கோட்டைத் தொட்டுக் கீழே இறக்குவேன். நடுநடுவே சின்னதாக ஒரு பெட்டி எழும்பி இங்கிலீஷில் ஏதோ கேட்கும். வாசலில் வந்து நிற்கிறவரை இல்லையென்று சொல்லி அனுப்பிப் பழக்கமில்லாத வீடு இது. நீலப் பொத்தானைத் தொட்டு, சரி என்று சொல்லிவிடுவேன். அது சரி என்கிற பொத்தான் என்று மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது.

கொஞ்ச நாளில் கம்ப்யூட்டர் இழுக்க ஆரம்பித்தது. மருமகள் ஒரு சேலையைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். “அக்கா, லைன்லயே இருங்க, படம் வந்துட்டே இருக்குது” என்று போனில் கெஞ்சிக்கொண்டிருப்பாள். அந்தப் பக்கம் வைத்துவிடுவார்கள். நிறுத்திப் போட்டு எழுப்பிப் பார்த்தாள். ஒயரைக் கழற்றி மாட்டினாள். நெட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

“காலையில நல்லாத்தானுங்க அத்தை ஓடுது, மத்தியானத்துக்கு மேலதான் இழுக்குது” என்று என்னிடம் ஒரு நாள் சொன்னாள்.

“காலையில இருந்து சேலையா ஏத்தினா அதும் எத்தனைதான் சொமக்கும் அம்மிணி? மாடா இருந்தா மத்தியானமே படுத்திருக்கும்” என்றேன்.

எனக்கு அதில் சந்தேகமே இல்லை. நான் சும்மா பார்க்கிறவள், அவள் ஏற்றுகிறவள். யாரால் கெட்டிருக்கும்? மகன் போன் பண்ணும்போதெல்லாம் அதையே சொன்னேன். வண்டி வேலையும் தாமதமாகிறது என்று அவனுக்கும் எரிச்சல் இருந்தது. ஒரு நாள் அவளிடம், “நான் வர்ற வரைக்கும் சேலைய நிறுத்தி வை. இருக்கற படத்தை எல்லாம் எடுத்துட்டுப் பாரு” என்று சொல்லிவிட்டான். “சரிங்க” என்றாள். அவ்வளவுதான் அவள் பேசியது. அன்றைக்கே உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து பிடித்த படங்களை எல்லாம் ஒவ்வொன்றாக அழித்தாள். நான் எதிரில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவும் இல்லை. அதுவும் எனக்கு அப்போது திமிராகத்தான் தெரிந்தது.

படம் எல்லாம் போன பிறகும் பெட்டி இழுத்தது. மகன் போனிலேயே பேசி கம்ப்யூட்டர் கடைக்காரரை வரச் சொன்னான். அவர் வந்த அன்றைக்குப் பார்த்து என் சம்பந்தியம்மா, மருமகளின் தாயார், ஆடி நோம்பி விருந்துக்கு அழைக்க வந்திருந்தார். காப்பி கொடுத்து உட்கார வைத்தேன். நான் சும்மா இருந்திருக்கலாம்.

“உங்க புள்ள கெட்டிக்காரிதானுங்க. ஆனா ஒரு பொருளைக் கையில குடுத்தா வெச்சுக் காப்பாத்தணுமில்லீங்களா? சேலையா ஏத்தி அத நாசம் பண்ணிப்புட்டா” என்றேன்.

சம்பந்தியம்மா டம்ளரைப் பார்த்தபடி, “சின்னவதானுங்களே, நீங்க சொல்லிக் குடுங்க” என்றார்.

கடைக்காரர் வாயாடி மனுசன். உட்கார்ந்ததும், “ஏனுங்க பெரியம்மா, நீங்களும் இதை ஓட்டறதுங்களா?” என்று சிரித்தார்.

“நமக்கெதுக்குங்க அதெல்லாம்? எப்பவாச்சும் கோயில் கொளம் பாக்கறதோட சரி” என்றேன்.

முதலில் மருமகள் முகத்தைத் தொட்டு அவள் பக்கத்தைத் திறந்து தட்டிக்கொண்டே இருந்தார். “இங்க ஒண்ணும் இல்லீங்க. தொடச்சு வெச்ச மாதிரி இருக்குது” என்றார். பிறகு ஏதோ ஒரு பட்டியலைத் திறந்தார். “இங்க பாருங்க. இன்னொருத்தர் பேர்ல உள்ளுக்குள்ள ஓடிட்டு இருக்குது. இருக்கற மெமரி பூராத்தையும் அதுதான் திங்குது.”

நான் என்னவென்று விளங்கிக்கொள்வதற்குள் அவர் அந்த வட்டத்தைத் தொட்டுவிட்டார். என் முகத்தை.

மழை பட்ட புற்றிலிருந்து ஈசல் கிளம்புகிற மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக வந்தது. கீழே போய்விட்டது என்று நான் நினைத்திருந்த எல்லாமே வந்தது. தேர் வந்தது. மாவுப்பூச்சி வந்தது. அதே தேர் மறுபடியும் வந்தது. நாதஸ்வரமும் எண்ணெய் விளம்பரமும் சேர்ந்து கத்தின. மூலையில் பெட்டி பெட்டியாக எழும்பிக்கொண்டே இருந்தது. அதில் சேலை இல்லை. ஒரு சேலைகூட இல்லை.

“யாருங்க இது?” என்று கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். “பிரவுசர்ல ஒண்ணைக்கூட மூடலை. எல்லாத்தையும் கீழ எறக்கி எறக்கி வெச்சிருக்குது. கீழ போனா போயிருச்சுன்னு அர்த்தமா? அத்தனையும் உள்ள உசுரோடதாங்க இருக்கும். நிறுத்திப் போட்டாலும், இந்தப் பக்கத்தைத் தொறந்ததும் விட்ட எடத்துல இருந்தே எழும்பும். அது பத்தாதுன்னு கேட்டதுக்கெல்லாம் சரி சரின்னு வேற குடுத்திருக்குது. ஊர்ல இருக்கற விளம்பரம் பூராம் வந்து குடியிருக்குது.”

“நான்தானுங்க” என்றாள் மருமகள்.

அவள் குரலில் ஒன்றும் இல்லை. உப்பு எடுத்து வைக்கச் சொன்னால் எடுத்து வைக்கிற குரல்தான். “அத்தை பேர்லயும் நான்தான் தொறக்கறதுங்க. அந்தப் பக்கம் வேலைக்குன்னு விட்டுட்டு, மத்ததெல்லாம் இதுல பாக்கறது.”

“படிச்ச நீங்களே இப்படிப் பண்ணுனா எப்படிங்க?” என்று கடைக்காரர் சிரித்தார். அவளும் கொஞ்சம் சிரித்தாள். சம்பந்தியம்மா நிமிர்ந்து மகளைப் பார்த்தார். பிறகு திரையில் ஓடிக்கொண்டிருந்த முட்டி வலி எண்ணெயைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை.

நான்தான் என்கிற வார்த்தையை நான் வாயில் வர விடவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனேன். பற்ற வைக்காத அடுப்புக்கு முன்னால் நின்றேன். அங்கிருந்து கேட்டது.

“எல்லாத்தையும் மூடிரலாங்களா?”

“மூடிருங்க.” பிறகு, “அந்த போர்த் தண்ணி பீறிட்டு அடிக்கற படம் ஒண்ணு மட்டும் இருக்கட்டுங்க.”

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் பழையபடி ஓடியது. மருமகள் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. எப்போதும் போல எனக்குச் சோறு போட்டாள், கால் வலிக்கிறதா என்று கேட்டாள். குத்திக் காட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். சேலை மட்டும் திரும்ப ஆரம்பிக்கவில்லை. புருசன் நிறுத்தச் சொன்னது நிறுத்தினதுதான். மத்தியானத்தில் ஸ்கூட்டர் கிளம்பவில்லை. சுவரில் அந்த ஆணி சும்மா இருந்தது. நான் சாப்பிட உட்கார்ந்தால் அது என் கண்ணுக்கு நேராக இருக்கும். தட்டோடு திரும்பி உட்கார்ந்துகொள்வேன்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள், கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, மகுடஞ்சாவடியில் பஸ் மாறி இளம்பிள்ளைக்குப் போனேன். காரியம் எதுவும் இல்லாமல் சம்பந்தி வீட்டுப் படி ஏறுவது எங்களில் வழக்கமில்லை. கையில் பழமும் பூவுமாக என்னைப் பார்த்ததும் சம்பந்தியம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“ஏனுங்க, ஊட்டுல எல்லாஞ் சௌரியந்தானுங்களே?”

“சௌரியந்தானுங்க” என்று உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன். பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கட்டும், சொல்லலாம் என்று பார்த்தேன். நிற்கவில்லை. “அன்னைக்கு அத்தனையும் தொறந்து வெச்சிருந்தது நானுங்க. உங்க புள்ள இல்லை” என்றேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. “அன்னைக்கே தெரியுமுங்க. எம்புள்ள சின்னதுல இருந்து தொறந்த டப்பாவ மூடாம நகர மாட்டா” என்றார். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு மெல்லச் சொன்னார். “எங்கிட்ட வந்து சொன்னீங்க, சந்தோசமுங்க. ஆனா வேலைய நிறுத்தச் சொன்னது நானில்லீங்களே. மாப்பிள்ளையில்லீங்களா?”

மரியாதை குறையாமல்தான் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன். எதிர் சீட்டில் தெரிந்தவர் ஒருவர் இருந்தார், பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

சாயங்காலம் வாசலில் நின்று மகனுக்குப் போன் போட்டேன். மருமகள் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மெதுவாகத்தான் சொன்னேன்.

“என்னங்கம்மா? மிஷின் ஓடுது, ஒண்ணும் கேக்கலை. சத்தமாச் சொல்லுங்க.”

“கம்ப்யூட்டரைக் கெடுத்தது நான் சாமி.”

“ஆரு?”

“நான். நான்தான் கெடுத்தது. அவ இல்லை. சேலையினால இல்லை” என்று கத்தினேன். எதிர்க்காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். குழாயடியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

அவன், “அப்பறம் எதுக்குங்கம்மா அவள...” என்று ஆரம்பித்து, அதோடு விட்டுவிட்டான். திட்டி முடித்திருக்கலாம். “போனை அவகிட்டக் குடுங்க” என்றான். கொடுத்தேன். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்பக்கம் போனாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் ஆணியில் ஒரு மாம்பழக் கலர் சேலை தொங்கியது. பழைய படங்கள் போனது போனதுதான், எல்லாவற்றையும் புதிதாகப் பிடிக்க வேண்டும். ஜன்னல் காற்றில் முந்தானை பறந்துகொண்டே இருந்தது. அவள் கேட்கவில்லை. நானாகப் போய் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“கை தெரியுதுங்க அத்தை” என்றாள்.

கையை இழுத்துக்கொண்டேன். அப்படியும் விரல் நுனி படத்தில் விழுந்துவிட்டது. வேறு பிடிக்கலாமே என்றேன். நேரமாகிவிட்டது, இருக்கட்டும் என்று அதையே ஏற்றினாள். இப்போதும் யாராவது மாம்பழக் கலர் கேட்டால் அந்தப் படத்தைத்தான் திறப்பாள். திறந்ததும் வந்துவிடுகிறது. சேலை ஓரத்தில் என் விரல் தெரியும். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.