பிழை காட்டாமல் ஓடிய மேக்ரோ

1. மஞ்சள் விழுந்த வரி

ஜொகூர் பக்கம் குளுவாங் என்ற ஊரில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் அட்மினாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது இந்த மாதிரி வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

எங்கள் மையத்தில் தினமும் மதியம் ரோஸ்டர் மேக்ரோவை, அதாவது கம்ப்யூட்டர் ஷீட்டுக்குள் எழுதிவைத்த சிறு புரோகிராமை, ஓட்ட வேண்டும். மறுநாள் எந்த நோயாளிக்கு எந்த மெஷின், வேன் யார் வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்பதை அதுதான் பிரித்துக் கொடுக்கும். பட்டனை அழுத்தினால் பிரிண்டரில் இரண்டு தாள் வரும். ஒன்று நர்ஸுகளுக்கு, ஒன்று வேன் டிரைவருக்கு.

ஒரு நாள் நான் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது கம்ப்யூட்டரில் அப்டேட் ஏறி முடிந்திருந்தது. பட்டனை அழுத்தினேன். தாள் வரவில்லை. மேக்ரோவுக்குத் துணையாக இருக்கும் லைப்ரரி ஃபைல் கிடைக்கவில்லை என்று திரையில் ஒரு பெட்டி வந்து, மேக்ரோவின் கோட் வரிகளில் 'டேட்' என்ற சொல்லின் மேல் மஞ்சள் விழுந்து நின்றது.

கேட்க ஆள் இல்லை. மேக்ரோவை எழுதியவர் ஜொகூர் பாரு தலைமை அலுவலகத்தில் இருந்தவர். சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. என் மேசை கண்ணாடித் தடுப்புக்குள் இருந்தது. வெளியே நர்ஸுகள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டே வேலை செய்வார்கள். நோயாளிகளுக்கும் பக்கத்து நாற்காலியில் பேச்சுத்துணை இருக்கும். எனக்குத் திரைதான். சில நாள் காலையில் வந்தது முதல் மாலை வரை நான் பேசிய வார்த்தைகளை எண்ணிவிடலாம்.

அந்த 'டேட்' வரியை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகுதான், மேக்ரோ பயன்படுத்தும் லைப்ரரிகளை டிக் போட்டுக் காட்டும் ரெஃபரன்ஸஸ் பட்டியலைத் திறந்து பார்க்கத் தோன்றியது. அங்கே ஒரு லைப்ரரிக்கு எதிரே 'மிஸ்ஸிங்' என்று இருந்தது. அப்டேட்டில் அது காணாமல் போயிருந்தது. மஞ்சள் விழுந்த வரியில் ஒரு தப்பும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: மேக்ரோ நிற்கும் இடமும் அது பழுதான இடமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

அந்த லைப்ரரிக்குப் போட்டிருந்த டிக்கை எடுத்தேன். மேக்ரோ ஓடியது. இரண்டு தாளும் வந்தன. இருந்தாலும் தலைமை அலுவலகத்து ஹெல்ப்டெஸ்க்கில் இருந்த பிரகாஷைக் கூப்பிட்டு, இப்படி எடுத்துவிட்டது சரிதானா என்று கேட்டேன்.

"எர்ரர் வரலன்னா ஓகேதான் மிஸ். அப்படியே விட்டுடுங்க லா," என்றார்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தாளை டிரைவரின் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

2. காஹாங் போன வேன்

மறுநாள் வழக்கமான டிரைவர் லீவு. அவருக்குப் பதிலாக வந்த ஸாக்கிக்கு நோயாளிகள் யாரையும் தெரியாது. தாளில் உள்ள முகவரிக்குப் போவார், ஹார்ன் அடிப்பார். காலையில் பக்கத்துச் சிற்றூரான காஹாங்கிலிருந்து எனக்கு போன் செய்தார். ஒரு வீட்டு கேட் அருகே வயதான அம்மா ஒருவர் பையோடு நிற்கிறார், வேனில் ஏறவும் இல்லை, மலாயில் என்ன கேட்டாலும் பதில் சொல்லவும் இல்லை என்றார். போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

ஒரு குரல் மெதுவாக வந்தது.

"அவரு இல்லம்மா. இந்த மாசம் மொத வாரமே போயிட்டாரு."

தாளை எடுத்துப் பார்த்தேன். வேன் பட்டியலில் கோவிந்தராஜு என்ற பெயர் இருந்தது. அவர் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். எங்களிடம் பல வருடம் வந்துகொண்டிருந்தார். இறந்த சேதி வந்த அன்று அவர் பெயருக்கு எதிரே 'குளோஸ்' என்று போட்டது நான்தான். அதைப் பார்த்துப் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்து, வேறு ஷீட்டுக்கு மாற்றுவது மேக்ரோவின் வேலை. மாத முடிவில் அது தானாக நடக்கும். அதுவரை அந்தப் பெயரைத் தினப் பட்டியலில் சேர்க்காமல் தாண்டிப் போகும். அன்று தாண்டவில்லை.

நர்ஸுகளுக்குப் பொறுப்பான சிஸ்டர் ஹமிதாவிடம் சொல்லிவிட்டு, மதியம் நானே காரை எடுத்துக்கொண்டு காஹாங் போனேன். வழி நெடுக செம்பனைதான். மன்னிப்புக் கேட்பதற்கு வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். எதுவும் வாயில் நிற்கவில்லை.

அவர் மனைவி பெயர் தனலெட்சுமி. கேட்டைத் திறந்து உள்ளே உட்காரச் சொன்னார். அந்தப் பை நாற்காலி மேல் இருந்தது. மெஷினில் இருக்கும்போது குளிரும் என்று கோவிந்தராஜு கொண்டுவரும் போர்வையின் ஓரம் வெளியே தெரிந்தது.

நான் அப்டேட், மேக்ரோ என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கோவம் ஒண்ணும் இல்லம்மா. ஹார்ன் கேட்டதும் கை தானா பைய எடுத்துடுச்சு. கேட்டுக்கு வந்தப்பறந்தான் நெனப்பு வந்துச்சு."

அப்புறம் அவராகவே பேசினார். வாரத்துக்கு மூன்று முறை வேன் வரும்போது டிரைவர் பேர் சொல்லிக் கூப்பிடுவார், உள்ளே இருப்பவர்கள் கையசைப்பார்கள், மாலையில் திரும்பும்போது யாராவது பழம் கொடுத்துவிடுவார்கள். பிள்ளைகள் இருவரும் சிங்கப்பூரில் வேலை. வேன் நின்றதோடு வீட்டு வாசலில் எல்லாப் பேச்சும் நின்றுவிட்டது என்றார். மையத்திலிருந்து யாராவது போன் செய்தார்களா என்று கேட்டேன். யாரும் கூப்பிடவில்லை.

மேக்ரோ சரியாக ஓடியிருந்தால் அந்தப் பெயர் சத்தமில்லாமல் போயிருக்கும். நான் கவனித்திருக்கவே மாட்டேன்.

புறப்பட எழுந்தபோது, "வீட்ல யாரோட இருக்கீங்க?" என்று கேட்டார்.

"தனியாத்தான் அக்கா. அம்மா இருந்தாங்க. தவறிட்டாங்க."

"அப்ப அங்க போயி யாருக்குச் சமைக்கப் போறீங்க? சாப்பிட்டுப் போங்க."

சோறும் நெத்திலி சம்பலும் போட்டார். அவரும் எதிரே தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டில் டிவிக்கு எதிரே சாப்பிட்டுப் பழகிய எனக்கு, எதிரில் இன்னொரு தட்டு இருப்பதே அன்று பெரிதாக இருந்தது.

3. திருத்தியது

அடுத்த நாள் மேக்ரோவின் கோட் முழுவதையும் வரிவரியாகப் படித்தேன். 'குளோஸ்' போட்ட பெயரைத் தாண்டும் வரி, காணாமல் போன அந்த லைப்ரரியை நம்பி எழுதப்பட்டிருந்தது. அதற்கு மேலே, பிழை வந்தால் நிற்காமல் அடுத்த வரிக்குப் போ என்று ஒரு கட்டளை. ஆகவே அந்த வரி வேலை செய்யாதபோது மேக்ரோ ஒன்றுமே சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டது. அந்தக் கட்டளையை எடுத்தேன். தாண்டும் வரியை லைப்ரரி தேவைப்படாதபடி எழுதினேன். கோளாறு தீர்ந்தது.

மாத முடிவில் பெயரை வேறு ஷீட்டுக்கு மாற்றும் பகுதியை மட்டும் நான் சரிசெய்யவில்லை. அழித்துவிட்டேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை அந்த வேலையைக் கையால்தான் செய்தேன். பெயரை மாற்றும் முன் அந்த வீட்டுக்கு ஒரு போன். சிலர் இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்வார்கள். சிலர் போனை வைக்க மாட்டார்கள். பிரகாஷ் ஒருமுறை, பட்டனில் முடிகிற வேலைக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்டார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், விடுங்கள் என்றேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மேக்ரோ நின்றுபோனால் பயப்பட வேண்டாம், காரணம் எங்கேயோ இருக்கும், தேடினால் கிடைக்கும். அப்டேட்டுக்குப் பிறகு அது நிற்காமல் ஓடினால், அன்றைக்குத் தாளை எடுத்து ஒவ்வொரு பெயராகப் படியுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வீடு இருக்கிறது.

நான் கையால் மாற்றிய முதல் பெயர் கோவிந்தராஜுவுடையது. எல்லாரும் போன பிறகு, கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்து அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொன்னேன். பிறகு வரியை வெட்டி மற்ற ஷீட்டில் ஒட்டினேன். பட்டியலுக்குத் திரும்பி வந்து காலி வரியை அழித்தபோது, அவருக்குக் கீழே இருந்தவர்கள் ஒரு வரி மேலே ஏறினார்கள்.