அரை மாத்திரைக்காரி

கண்ணாயிக்குப் பொய் பேசுவது அறவே பிடிக்காது. ஆனாலும் மூன்று வருடங்களாக ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தாள். மாதாமாதம் மலைப்பாதையில் மூச்சு வாங்க நடந்துவந்து சர்க்கரை மாத்திரை கொடுக்கும் நர்ஸ் தேன்மொழி, "தவறாமப் போடுறீங்களா?" என்று கேட்பாள். "போடுறேன் கண்ணு" என்பாள் இவள். அவ்வளவு தூரம் கால் கடுக்க வந்த பிள்ளையிடம் இல்லையென்று சொல்லி முகத்தை வாடவைக்க அந்த ஊரில் யாருக்கும் மனசு வராது. எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.

உண்மை வேறு. சாமை கதிர் பிடித்தால், காட்டுப்பன்றி வராமல் காக்க இரண்டு மாதம், நர்ஸ் வர முடியாத காட்டுக் குடிசையிலேயே கிடக்க வேண்டும். கையிலிருப்பதோ ஒரு மாதத்து மாத்திரை. ஆளாளுக்கு உடைத்துப் பாதி பாதியாகப் போட்டுக்கொண்டார்கள். போன வருடக் காவலில் கண்ணாயியின் இடது கால் சுண்டுவிரல் புண்ணாகி, அதை எடுக்க வேண்டியதாயிற்று. கல்லில் இடித்துக்கொண்டேன் என்று அதற்கும் ஒரு பொய்.

இதெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று அவள் கண்டாளா? செம்மேட்டு ஆஸ்பத்திரியில் ஊரையே வரவழைத்துக் கூட்டம் போட்டார்கள். வெளியூர்க் கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் பானுமதி, திரையில் ஒரு பொம்மை ஊரைக் காட்டினாள். ஒரு புள்ளி ஓர் ஆள். நர்ஸ் வராவிட்டால் பத்து வருடத்தில் அவர்கள் என்ன ஆவார்கள் என்று கம்ப்யூட்டர் ஓட்டிப் பார்த்திருந்தது. நர்ஸ் எழுதிவைத்த பதில்களை நம்பி, அத்தனை புள்ளிகளையும் பச்சையாகக் காட்டியது.

"நீங்களே உடம்ப நல்லாப் பாத்துக்கிறீங்க. இனி நர்ஸ் வர வேண்டியதில்ல. மாசாமாசம் இங்க வந்து வாங்கிக்குங்க" என்றார் சுகாதார அதிகாரி. சிறந்த நோயாளி என்று மேடைக்குக் கூப்பிட்டுக் கண்ணாயிக்குப் பொன்னாடை வேறு!

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதிக் கோபம் தன் மேலேயே. பத்து நாளில் காவலுக்குப் போக வேண்டும். இந்தத் தடவை விரலோடு நிற்குமா?

பொன்னாடையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "ஏனுங்க, அது எங்க ஊரே இல்லீங்க. நாங்க பொய் சொன்னமுங்க." விரலில்லாத காலை முன்னால் நீட்டிக் காட்டினாள். "காவலுக்குப் போனா அரை மாத்திரைதான். அதையும் உள்ள போட்டு ஓட்டிப் பாரு கண்ணு."

பானுமதி அப்படியே செய்தாள். பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன.

"ஒருத்தர் பேச்ச வெச்சு முடிவ மாத்த முடியாதும்மா" என்றார் அதிகாரி.

"ஒருத்தியா?" கண்ணாயி கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அரை மாத்திரை போட்டவங்க எல்லாம் எந்திரிங்க!"

பக்கத்து வீட்டு அத்தாயி முதலில் எழுந்தாள். பிறகு நாற்காலிகள் இழுபடும் சத்தம். தேன்மொழி மட்டும் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு மாச மாத்திரையக் கையில குடுங்க. நர்சும் வரோணும். அதுவரைக்கும் ஒருத்தரும் ஊட்டுக்குப் போறதா இல்லீங்க."

நாலு மணி பஸ் ஆரன் அடித்துப் பார்த்துவிட்டுக் காலியாகப் போனது. ஐந்து மணிக்கு அதிகாரி மருந்து அறையைத் திறக்கச் சொன்னார். நர்ஸை நிறுத்தும் உத்தரவில் கையெழுத்துப் போடாமல், மடித்துத் தன் பைக்குள் வைக்கப் போனார்.

"அத இங்க குடுத்துட்டுப் போங்க" என்று கையை நீட்டினாள் கண்ணாயி.